பாரிசிலிருந்து வந்த அன்னங்கள்

ரெக்ஸ்டேல், கனடா, மாசி 1986

அன்புள்ள மங்கையற்கரசிக்கு,

நான் சுகம். உம்முடைய இருமல் விட்டுதோ? இதைத் தபாலில் போடவில்லை. ஊருக்கு வரும் தியாகலிங்கம் அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஹோட்டலில் என்னோடு கோப்பை கழுவும் ரமீரோ, குவாத்தமாலாவில் இலக்கியம் படிப்பித்தவன். போன நூற்றாண்டில் அவன் பக்கத்துக் கவிஞர்கள் பிரெஞ்சுக் கவிதைகளில் மயங்கி, கண்ணால் காணாத அன்னங்களையும் பனியையும் ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார்களாம்.

"களவுதானே?" என்றேன்.

"அன்னம் பாரிசில இருந்து வந்தது. பயம் எங்கட," என்று சிரித்தான்.

பிறகுதான் தன் தங்கையைப் பற்றிச் சொன்னான். ராணுவம் கடிதங்களை உடைத்துப் பார்க்கத் தொடங்கியதும் அவள் அன்னங்களைப் பற்றி மட்டுமே எழுதினாளாம். மூன்று கடிதம் வந்தது. நாலாவது வரவில்லை.

நீர் போன கடிதத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவுக் குளத்து அன்னங்களைப் பற்றி எழுதியதை அவனுக்குப் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு, "இது எத்தினையாவது கடிதம்?" என்று கேட்டான்.

மூன்றாவது.

எங்கள் பின்வளவில் குளம் ஏது, மங்கை?

அண்ணை திரும்பும்போது அவரிடம் மிளகாய்த்தூளும் உம்முடைய படமொன்றும் கொடுத்துவிடும். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, ஆர் ஆர் வீட்டுக்கு வந்து போகினம் என்று எழுதும். அண்ணை காரில் ஏறிவிட்டார். அழகாக ஒன்றும் எழுதவேண்டாம்.

உம்முடைய
இராஜரட்ணம்