குவான் தே மீருக்கு அப்பால் நடந்தது

தேர் ரூஜ்,
1937 ஆகஸ்ட் 11, புதன்கிழமை.

அன்புத் தங்கை சிவகாமிக்கு,

உன் கணவர் உயிரோடு இருக்கிறார். இன்று காலை அவர் நெற்றிக்கு மறுபடி கட்டுப் போட்ட சிறை மருத்துவமனை ஊழியர் லூயி என்னிடம் நேரில் சொன்னது இது. கஞ்சி குடித்தாராம். உன்னைப் பற்றிக் கேட்டாராம். பிரசவத்துக்காக நீ போயிருக்கும் சுரினாம் கிராமம் வரை வேறு செய்தி ஏதாவது வந்திருந்தால் நம்பாதே.

ஐயாசாமி மாமா, இதை அவளுக்குப் படித்துச் சொல்லப்போகிறவர் நீங்கள்தான் என்று தெரியும். பிள்ளைத்தாய்ச்சி பயப்படுவாள் என்று எதையும் விழுங்கிவிடாதீர்கள். சந்தையில் திரித்துப் பேசுவதைக் கேட்பதைவிட உள்ளதைக் கேட்பது அவளுக்கு நல்லது.

கரும்புத் தோட்ட முதலாளியின் தங்கை ஜெனெவியேவ், பாரிஸிலிருந்து விருந்துக்கு வந்தவர், திமிங்கிலம் பார்க்க ஆசைப்பட்டார். சனிக்கிழமை காலை மாப்பிள்ளை தம் படகில் அழைத்துப் போனார். துணைக்குத் தோட்ட மேலாளர் க்ளோட் ஏறினார். தோட்டத்தில் ஆட்களின் வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து அவர் துப்பாக்கி இல்லாமல் எங்கும் போவதில்லை. படகுக்கும் கொண்டுவந்தார்.

குவான் தே மீர் தீவைத் தாண்டியதும் ஓங்கில் மீன்கள் கூட்டமாகப் படகுக்கு முன்னால் துள்ளி ஓடின. இவற்றுக்கெல்லாம் வேலைநிறுத்தம் கிடையாதா என்று க்ளோட் கிண்டலாகக் கேட்டாராம். இவற்றுக்குத் துரை கிடையாதே, துரை என்றாராம் மாப்பிள்ளை. அந்த அம்மாள் சிரித்தார். க்ளோட் சிரிக்கவில்லை.

பிறகு தாயும் குட்டியுமாக இரண்டு திமிங்கிலங்கள் மேலே வந்தன. தாய் மூச்சு விட்டபோது தூறல் தம் முகத்தில் விழுந்தது என்றும், பயமே தோன்றவில்லை என்றும் அந்த அம்மாள் சொன்னார். அடுத்த வாரம் வேலைநிறுத்தக்காரர்களிடம் தேவைப்படும், கை பழகட்டும் என்று சொல்லிக் க்ளோட் குட்டியைச் சுட்டார்.

தண்ணீர் சிவந்தது. குட்டி சாகவில்லை, பக்கவாட்டில் சாய்ந்து சுற்றிச் சுற்றி வந்தது. கிட்டே போ, இன்னொரு குண்டு போடவேண்டும் என்றார் க்ளோட். மாப்பிள்ளை துடுப்புகளை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, மணிக்கட்டிலிருந்த மஞ்சள் காப்புக் கயிற்றைக் காட்டினார். அம்மனுக்குத் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருக்கிறேன், உயிர் எடுக்கிற இடத்துக்குப் படகை விடமாட்டேன் என்றார். க்ளோட் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் அடித்தார். இரண்டாவது அடியில் புருவம் பிளந்தது, பற்கள் போயின. இன்னொரு அடிக்கு அவர் எழுந்து நின்றபோது தாய்த் திமிங்கிலத்தின் வால் படகின் மேல் இறங்கியது.

க்ளோட் அதற்கு அடியில் இருந்தார். ஒரு கண்ணை ரத்தம் மறைக்க, மாப்பிள்ளை அந்த அம்மாளை உடைந்த பலகையில் ஏற்றிவிட்டு, முங்கிப் போய்க் க்ளோட்டையும் மேலே கொண்டுவந்தார். மார்பு நசுங்கியிருந்தது. உயிர் இல்லை. மீன்பிடிப் படகு ஒன்று மூவரையும் கரை சேர்த்தது. குட்டி என்ன ஆயிற்று என்பது யாருக்கும் தெரியவில்லை.

இவ்வளவும் ஜெனெவியேவ் ஞாயிறன்று மாதா கோயில் வாசலில் என்னிடம் சொன்னவை. சத்தியம் செய்து இன்னும் எங்கும் சொல்லவில்லை.

இனி எழுதுவதுதான் கஷ்டம். க்ளோட்டைக் கொன்றார் என்று பிடித்துப் போய், காவல் நிலையத்தில் மாப்பிள்ளையின் காப்பை அறுத்தார்கள். வேலையை நிறுத்திய ஆட்கள் பலர் கையிலும் அதே மஞ்சள் கயிறு. துரைமார்களைக் கொல்வதாகச் சத்தியம் செய்தவர்களின் அடையாளம் அது என்று முடிவு கட்டிவிட்டார்கள். வேறு யார் கையில் இருக்கிறது என்று கேட்டு அடித்தார்கள். கோயில் காரியம் என்று புரிந்தால் விட்டுவிடுவார்கள் என நம்பி, தீ மிதிக்க இருந்த ஒவ்வொருவர் பெயரையும் மாப்பிள்ளையே சொல்லியிருக்கிறார், யார் மகன், எந்தத் தெரு என்பது உட்பட. திங்கள் விடிவதற்குள் அத்தனை பேரையும் அடித்து இழுத்துப் போனார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவின் மகனுக்குக் கை முறிந்திருக்கிறது. பூசாரி போய்ச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

நேற்று உன் வீட்டைப் பார்க்கப் போனேன். கதவை உடைத்திருக்கிறார்கள். உள்ளே பாத்திரம் ஒன்றுகூட முழுதாக இல்லை. கோவிந்தம்மா தெருவில் நின்றுகொண்டு, காட்டிக்கொடுத்தவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த வழியாக நடக்கட்டும் பார்க்கிறேன், இதையும் நீங்கள் எழுதுகிற பத்திரிகையில் போடுங்கள் அண்ணே என்றாள். உன் கல்யாணத்துக்கு மாலை கட்டியவள்.

ஆகவே நீ புறப்பட வேண்டாம். பஸ் ஓடினாலும் வேண்டாம்.

மாப்பிள்ளை மேல் கொலைக் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். விசாரணை வரும் திங்கட்கிழமை. துரையைப் பற்றி அவர் சொன்ன வேடிக்கைப் பேச்சுகூட இப்போது அவருக்கு எதிராக நிற்கிறது. கடலில் நடந்ததைப் பார்த்தவர் ஜெனெவியேவ் ஒருவர்தான். அவர் வந்து சொன்னால் கொலை என்பதே நிற்காது, கயிற்றுக்காகப் பிடித்தவர்களையும் விட்டாக வேண்டும் என்கிறார் வக்கீல். ஆனால் அந்த அம்மாளின் அண்ணன் வெள்ளிக்கிழமைக் கப்பலில் அவருக்கு இடம் பிடித்துவிட்டார். போகமாட்டேன் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

அம்மா, உனக்கு வலி எடுத்தால் அதை மட்டும் நினை. பிள்ளை பிறந்ததும் பெயர் வைக்க யாரும் அவசரப்பட வேண்டாம். தகப்பன்தான் காதில் சொல்லவேண்டும். அம்மன் உங்கள் இருவரையும் காப்பாள்.

கப்பல் வெள்ளி காலை புறப்படுகிறது. நான் துறைமுகத்தில் நிற்பேன். அவர் ஏறினாரா இல்லையா என்பது அன்று மாலைக்குள் உனக்குத் தந்தியில் வரும்.

உன் அண்ணன்,
ராமசந்திரன்