அம்மா ருசி பார்ப்பதில்லை

மே 14, புதன்

கத்திரி வெயில். அரிமளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஸ்டடி லீவ். புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன், படிப்பேன் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை.

கோயம்புத்தூர் ஹாஸ்டல் சாம்பாரில் செத்துப்போன நாக்குக்கு வெள்ளைப் பணியாரம், மிளகாய்ச் சட்னி. பஞ்சு மாதிரி பணியாரம். சட்னியில் மட்டும் உப்பு அள்ளிக் கொட்டிக் கிடந்தது.

அம்மா கையில் உப்பு தப்பி நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் ருசி பார்த்துச் சமைப்பவள் இல்லை. சாமிக்கு வைக்கும் முன் நாக்கில் பட்டால் எச்சில் என்பாள். கொதி வரும்போது மூக்கை நீட்டி ஒரு இழுப்பு. உப்பு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பாடு.

"எப்படிடா இருக்கு?"

வாயைத் திறப்பதற்குள் அப்பா என் தொடையைக் கிள்ளினார்.

"செமயா இருக்கும்மா."

மே 15, வியாழன்

காலையில் அப்பா ஆலங்குடியிலிருந்து பலாப்பழம் வாங்கி வந்து சமையலறை மூலையில் சாக்கைப் போட்டு மூடி வைத்தார். நன்றாகக் கனிந்த பழம். வாசல் வரை மணம்.

அம்மா அதற்குப் பக்கத்திலேயே நின்று கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, "ஒங்கப்பாகிட்ட பலாப்பழம் கேட்டேன். மறந்துட்டு வந்து நிக்கிறாரு பாரு."

பழம் அங்கே இருப்பதை நான் சொல்லவில்லை. கொல்லைப்பக்கம் மோட்டார் போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன்.

"மாசியில காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுலருந்து அவளுக்கு மணமும் இல்ல, ருசியும் இல்ல. நமக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. நானாப் போயி டாக்டர்கிட்ட கேட்டேன். தானா வந்தாத்தான் உண்டுங்கிறாரு."

"அம்மாகிட்ட பேசலாம்லப்பா?"

"சமையலும் போச்சுன்னா ஒடஞ்சு போயிருவாடா. கண்டுக்காம சாப்புடு."

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 17, சனி

நேற்று ஒன்றும் எழுதவில்லை. இன்று காகத்துக்கு வைத்தபின் எங்களுக்கு. சாம்பாரில் உப்பே இல்லை. அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சமாளித்தேன். அதோடு விட்டிருக்கலாம். "இந்த மாதிரி சாம்பார் கோயம்புத்தூர் முழுக்கத் தேடினாலும் கெடைக்காதும்மா" என்று அளந்துவிட்டேன்.

அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உடனே திருமயத்துக்குப் போன். அவள் தம்பி, என் மாமா வீட்டுக்கு. "பய வந்திருக்கான். நாளைக்குக் கறி எடுக்குறோம். எல்லாரும் வந்துருங்க."

அப்பா என்னைப் பார்த்த பார்வை! "ஒன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடா?"

மே 18, ஞாயிறு

ஆட்டுக்கறிக் குழம்பு, பலாக்கொட்டை போட்டு. பூண்டு உரித்தது, தேங்காய் துருவியது நான். அம்மா ஏதோ பாடிக்கொண்டே அரைத்தாள். கொதி வந்ததும் பழக்கத்தில் மூக்கை நீட்டினாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சும்மா தலையை ஆட்டிக்கொண்டாள்.

அம்மா புடவை மாற்றப் போனபோது ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பே போடவில்லை. ஒரு கை அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு வாழை இலை நறுக்கப் போனேன். மானம் தப்பியது என்று நினைத்தேன்.

மாமா மகளுக்கு நாலு வயது. முதல் வாயைத் துப்பிவிட்டாள். "கரிக்குதும்மா."

அத்தை சிரித்து மழுப்பினாள். "இன்னைக்கு லேசா உப்பு தூக்கல் அண்ணி. மோர் ஊத்திக்கிட்டா சரியாப் போயிரும்."

அம்மா கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள். எல்லார் முன்னாலும். மறுபடி ஒரு தடவை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "நான்தாம்மா உப்பு போட்டேன்."

அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "நீயுமாடா? ருசி பாக்காமயே நானும் ஒரு கை போட்டேன்டா."

அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் மோர் ஊற்றினாள். மாமா வீட்டார் போனதும் பின்பக்கம் போய்க் குழம்பைக் கொட்டினாள். சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, மன்னிச்சிரு."

"நல்லாருக்கு நல்லாருக்குன்னியேடா. நானும் பச்சப்புள்ள மாதிரி நம்பிக்கிட்டு இருந்தேன்."

நெஞ்சை அறுக்கிறது. உப்பைப் பற்றி வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது அவளுக்கு.

மே 19, திங்கள்

ஹாஸ்டலுக்குக் கிளம்பும் நாள். காலையில் அப்பா உப்புமா கிண்டினார். அடிப்பிடித்தது. அம்மா அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை.

எப்போதும் முந்தின நாளே என் பைக்குப் பக்கத்தில் தூக்குவாளிகள் வரிசையாக நிற்கும். முறுக்கு, பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு. ரூம் பசங்களுக்கும் சேர்த்து. பை லேசாக இருந்தது.

பஸ் கிளம்பும்போது அம்மா வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள். ஜன்னல் வழியே ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள். பேக்கரி மிக்சர். கடைப் பலகாரம் வாங்குபவர்களை ஒரு காலத்தில் எப்படிக் கேலி செய்வாள்!

"பசங்களுக்கும் குடுத்துச் சாப்புடு. இதுல உப்பு சரியா இருக்கும்."