சித்தி தேய்த்தும் தேயாத பஞ்ச்

ஆயுத பூசைக்கு முந்தின நாள், இரவு.

எங்கள் பட்டறையில் பட்டாசுப் பெட்டி அட்டையில் ஓட்டை போடும் பஞ்ச் அடிக்கடி மழுங்குவதால், அப்பா தேயாமலிருக்கத் தங்க நிறப் பூச்சு போட்ட எஃகு பஞ்ச் வாங்கியிருந்தார். பூச்சு தாங்குமா என்று அவருக்கே சந்தேகம். தீபாவளி ஆர்டரோ அதை நம்பித்தான்.

நான் சும்மா இருந்தேனா? விளக்குத் துலக்கிக்கொண்டிருந்த சித்தியிடம், “இதுவும் பித்தளைதான் சித்தி” என்று நீட்டிவிட்டேன். திரும்பி வருவதற்குள் புளி, செங்கல் பொடி, கம்பி நார் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டார்! ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கழுவிப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. கம்பி நார்தான் தூளாகியிருந்தது.

“ஏலே, எம்புட்டு தேய்ச்சும் நிறமே மாறல, என்ன பித்தளைலே இது?” என்றார் சித்தி.

விஷயம் தெரிந்ததும் அப்பா என் காதைத் திருகினார், சிரித்துக்கொண்டே. “ஒங்க சித்தி கைக்கே தேயல, அட்டைக்கா தேயப்போகுது?”

காது இன்னும் எரிகிறது. அந்தப் பூச்சைக் காதுக்கும் போடுவார்களா என்று கேட்க வேண்டும்.