செல்வராசுக்கு ஆமாங்க கிடையாது

1996, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

திருட்டுக் கேஸ் விசாரிக்கப் புதிதாக வந்திருக்கும் எஸ்.ஐ.களுக்குப் பயிற்சி நடக்கிறது. கேன்டீனில் டீ போடும் என்னை இன்று சாட்சியாக நடிக்க வைத்தார்கள். உக்கடத்தில் ஒரு பச்சைச் சட்டைக்காரன் என் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான் என்று முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அந்த எஸ்.ஐ.களில் ஒருவரான செல்வராசு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவராகவே ஊகித்துக் கேட்டார்.

"ஏனுங்கக்கா, சிவப்புச் சட்டைதானுங்களே போட்டிருந்தான்?"

"ஆமாங்க."

"பைக்லதானுங்களே போனான்?"

"ஆமாங்க."

அத்தனை மரியாதையாகக் கேட்கிறவரிடம் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடமும் இப்படித்தான் ஆமாங்க போட்டேன். இருபது வருஷமாக அனுபவிக்கிறேன்.

அவர் எழுதியதை இன்ஸ்பெக்டர் படித்தார். "தப்பான ஆளைப் புடிச்சு உள்ள வெச்சிருப்பீங்க. நாளைக்கும் இப்படின்னா பழைய ஸ்டேஷனுக்கே போயிருங்க."

சாயங்காலம் செல்வராசு டீ குடிக்க வந்தார். "நாளைக்குக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கக்கா."

"என்ன பாத்தீங்கன்னு மட்டும் கேட்டுப்போட்டு வாயை மூடிக்குங்க கண்ணு. டீ ஆறிப்போனாலும் தொறக்காதீங்க."

சிரித்தார். ஆனால் முகம் தெளியவில்லை. பாவம்தான். இருந்தாலும் நாளைக்குப் பதிலையும் சேர்த்துக் கேட்டாரென்றால் என்னிடம் ஆமாங்க கிடையாது. எங்கள் வீட்டுக்காரருக்கு இருக்கும் ஒரே நல்ல சட்டை சிவப்பு. இப்போது கொடியில் காய்கிறது.