மேசையில் இரண்டு தட்டு

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை காது டாக்டர் என் இடது காதில் மருந்து விட்டு, பஞ்சு வைத்து அனுப்பினார். வலது காது முன்பே பாதி போய்விட்டது. ஆட்டோவில் வீடு திரும்பும்போது ஆரணிக் கடைத்தெரு முழுவதும் ஊமைப்படமாக நகர்ந்தது. பூக்காரி வாயைத் திறந்து மூடினாள். பஸ்காரர் ஹாரனை அழுத்துவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. பஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் மருந்து வாசனை. அந்த நொடியே நீங்கள் என் நினைவில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள், ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு.

நீங்கள் எங்கள் பள்ளியின் ஆசிரியர் இல்லை. வட்டார வள மையத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வரும் சிறப்பாசிரியர். வெம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருவீர்கள். தோளில் பெரிய துணிப்பை, உள்ளே வருவதற்கு முன்பே வந்துவிடும் சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பு முதலில் பிடிக்கவில்லை. வகுப்பறை வராந்தாவில் யாரும் அப்படிச் சிரிக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான்.

நீங்கள் மலர்க்கொடிக்காக வந்தீர்கள். காதில் கருவி இருந்தும் அவளுக்குக் கேட்டது மிகக் கொஞ்சம். அப்பா கூலிக்குத் தறி நெய்பவர். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் டி.சி. வாங்கி, தொலைவில் உள்ள, காது கேளாதோருக்கான ஒரு விடுதிப் பள்ளியில் அவளைச் சேர்த்துவிடப்போவதாகத் தலைமையாசிரியையிடம் அவர் சொல்லியிருந்தார். அவள் அம்மாவைக் கேட்டிருந்தார்கள், மாமாவைக் கேட்டிருந்தார்கள், எங்களைக் கேட்டிருந்தார்கள். அவளைக் கேட்டது நீங்கள்தான். தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டினாளாம். "அவ போவ மாட்டா மிஸ். போவாம பண்றது நம்ம வேல" என்றீர்கள்.

நான் என் பங்குக்கு உதவ முன்வந்தேன். "பழைய லேப் ரூம் காலியா இருக்கு. அவளக் கூட்டிட்டுப் போய் அங்க சொல்லிக் குடுங்க. நாற்காலி போடச் சொல்றேன்."

"அவளுக்குத் தனி ரூம் வேணாங்க மிஸ். உங்க ரூமே போதும். எனக்கு மட்டும் கடைசி பெஞ்சுல கொஞ்சம் எடம் குடுங்க."

அன்று இதயத்தின் அமைப்பை நடத்தினேன். நான் கான்வென்ட்டில் படித்தவள். எழுதும் கையும் சொல்லும் வாயும் ஒன்றாகப் போக வேண்டும் என்று அங்கே கன்னியாஸ்திரிகள் பழக்கியிருந்தார்கள். அளவுகோல் இல்லாமல் நேர்கோடு போடுவேன். கரும்பலகையில் என் எழுத்தைப் பார்க்கப் பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் வந்து நிற்பார்கள். அன்றும் குறையில்லாமல் நடத்தினேன். மணி அடித்ததும் நீங்கள் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு என்னிடம் வந்தீர்கள்.

"உங்க எழுத்து அச்சடிச்சாப்ல கீது மிஸ். ஆனா பாதிப் பாடத்த உங்க முதுகுதான் நடத்துது. அதுக்கு வாய் இல்லீங்களே."

எனக்குக் கோபம் வந்தது. "எங்க கான்வென்ட்ல இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. எல்லாருக்கும் புரிஞ்சுது" என்றேன்.

"அங்க எல்லாருக்கும் காது கேட்டுச்சிங்களா?"

மறுநாள் வகுப்பைப் பார்த்து நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் மலர்க்கொடி அழுதுவிட்டாள். நீங்கள் ஓடி வந்து அவளிடம் கையாலும் முகத்தாலும் ஏதோ கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி அந்தச் சிரிப்பைச் சிரித்தீர்கள். "நீங்க திட்றீங்கன்னு நெனச்சிகினு அழுவுறா. கத்தாதீங்க மிஸ், சும்மா பேசுங்க. மூஞ்சிய மட்டும் குடுங்க."

அப்புறம்தான் நம் வேலை தொடங்கியது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தைப் பிரிப்போம். புதிய சொற்களை நீங்கள் முன்கூட்டியே மலர்க்கொடிக்குக் காட்டிவிடுவீர்கள். அதே சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் நான் எழுதி வைப்பேன். எழுதும்போது வாயை மூடுவேன். திரும்பிய பிறகுதான் பேசுவேன். நீங்கள் வரும் நாட்களில் சாக்பீஸ் உங்கள் கையில், வகுப்பு என் கண் முன்னால். உங்கள் எழுத்தைப் பற்றிச் சொல்லாமலிருப்பதுதான் மரியாதை. கோழி கிளறிய மாதிரி இருக்கும். எத்தனையோ முறை உங்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிட்டு எழுதியிருக்கிறேன். "அழிங்க, அழிங்க. அந்த நேரம் நான் பேசிக்கிறேன்" என்பீர்கள்.

சமூக அறிவியல் சாருக்கு இது வேடிக்கை. "ஒரு கிளாசுக்கு ரெண்டு டீச்சரா? கவர்மென்ட்டுக்குக் கட்டுபடியாகுமா?" என்று கேட்டார். "உங்க கிளாசுக்கும் வரேன் சார், சும்மா சொல்லுங்க" என்றீர்கள். மனிதர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். அந்த மாதமே ஒரு வெள்ளிக்கிழமை தன் புத்தகத்துடன் வந்து நம் எதிரில் உட்கார்ந்தார். நீங்கள் கேலி செய்வீர்கள் என்று பார்த்தேன். நாற்காலியை நகர்த்தி, அவருக்கு இடம் விட்டீர்கள். அவ்வளவுதான்.

ஆனாலும் பழைய பழக்கம் என்னை விடவில்லை. வாக்கியத்தின் நடுவில் கை தானாகச் சாக்பீஸைத் தேடும், முதுகு திரும்பும். அதற்கும் நீங்கள் வழி சொன்னீர்கள். மிஸ் திரும்பினால் மலர்க்கொடி மேசையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். நான் சம்மதித்தேன். அவள்தான் பயந்தாள். வாரக்கணக்கில் நீங்களே சாக்பீஸை என்னிடம் கொடுத்துவிட்டு, கடைசி பெஞ்சிலிருந்து அவளுக்குப் பதில் தட்டினீர்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த வாரம் அவள் அப்பா டி.சி. கேட்டு வந்தார். நான் வகுப்பில் இருந்தேன். வராந்தாவில் நடந்ததை நீங்கள் பின்னால் அவர் குரலிலேயே எனக்கு நடித்துக் காட்டினீர்கள்.

"மார்க்கு வாங்கிகீறா, சரிங்க டீச்சர். ஆனா அங்கன்னா அவளாட்டம் புள்ளைங்க கீறாங்க. இங்க பொம்மையாட்டம் குந்திகினு கீறா."

"ஒரு பிரீயட் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று அவரை ஜன்னலோரம் நிறுத்தினீர்கள்.

உள்ளே மின்சுற்று நடந்துகொண்டிருந்தது. நீங்கள் வெளியே இருந்ததால் சாக்பீஸ் என் கையில். பேசிக்கொண்டே திரும்பிவிட்டேன். டக், டக். உங்கள் தட்டு இல்லை அது. திரும்பிப் பார்த்தேன். மலர்க்கொடியின் விரல் முட்டி இன்னும் மேசைமேல் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே அப்பா நடுங்கிப்போனாராம். "அய்யய்யோ, டீச்சரயே தட்டிக் கூப்புட்றா பாருங்க. கொழுப்பு!"

"பொம்ம தட்டுமாங்க?" என்று கேட்டீர்களாம்.

நான் அவளைப் பார்த்து மறுபடி சொன்னேன். அவள் எழுந்து, தன் குரலில், எங்கள் வகுப்புக்கு அதற்குள் பழகிப்போன அந்தக் குரலில், கம்பி நடுவில் அறுந்தால் இந்தப் பக்கத்துப் பல்பாவது எரியாதா என்று கேட்டாள். நல்ல கேள்வி. பதில் சொல்லி முடித்த நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து இன்னொரு டக், டக். அந்த ஆண்டில் அதுவரை வாய் திறக்காத ஒரு பெண். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். பாடம்தான் புரியவில்லை.

டி.சி. வாங்காமலே அப்பா கிளம்பினார். "இருக்கட்டுங்க டீச்சர். ஜல்தி போவணும், தறி நிக்குது" என்றாராம்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் தட்டல் நிற்கவே இல்லை. "தச்சுப் பட்டறையாட்டம் இருக்கு" என்று நான் குறைப்பட்டேன். "அவ ஒருத்திக்குன்னு கதவத் தொறந்தோம். எல்லாம் வருதுங்க பாருங்க" என்றீர்கள். உங்கள் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் வேறு எந்த ஆசிரியர் முகத்திலும் பார்த்ததில்லை. நான் யாரையும் சுலபமாகப் பாராட்டுகிறவள் இல்லை. உங்களிடமும் நேரில் சொன்னதில்லை. என்னைவிட நல்ல ஆசிரியர் என்று நான் யாரையாவது சொல்வதானால், அது நீங்கள்தான்.

நாம் கடைசி வரை ஒருமையில் பேசிக்கொள்ளவில்லை. என் கணவர் தவறியபோது வந்தீர்கள். எல்லோரும் தலையைக் குனிந்து, தரையைப் பார்த்து ஆறுதல் சொன்னார்கள். நீங்கள் மட்டும் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, "சாப்டீங்களா மிஸ்?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் தவறிய அன்று நான் வெம்பாக்கம் வந்திருந்தேன். மலர்க்கொடியும் வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள், தெரியும் உங்களுக்கு. வந்தவள் அழவில்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகுதான் அழுதாள்.

இன்று காலை டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே என் காதைப் பற்றி என் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உதடு கூட எனக்குத் தெரியவில்லை. மகன் தலையாட்டிக்கொண்டிருந்தான். நான் கையை நீட்டி அவர் மேசையில் இரண்டு தட்டு தட்டினேன். மகன் பதறி என் தோளைத் தொட்டான். டாக்டர் திரும்பினார்.

"என்னப் பாத்துச் சொல்லுங்க டாக்டர். முதல்லேர்ந்து" என்றேன்.

நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, முதலிலிருந்து சொன்னார். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தேன். முழுவதும் புரிந்தது, டீச்சர்.