மாப் கம்பு நின்ற இடம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இன்று எழுந்ததும் முதல் வேலையாக, காபிகூடப் போடாமல், கேமரா, முக்காலி, தகரப் பெட்டி எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ரயில் நின்றுபோன பழைய ஸ்டேஷனுக்குப் போனேன். நூறு வருஷத்துக்கு முன்னால் தனியாகப் பயணம் கிளம்பும் ஒரு பெண்ணாக என்னை நானே படம் எடுக்கத்தான். கழுத்து வரை மூடி, கை புஸ்ஸென்று இருக்கும் அந்தக் காலத்து ரவிக்கையை எதிர்வீட்டு டெய்லர் அக்கா தைத்துக் கொடுத்தார். இந்த வயசில் மாறுவேடப் போட்டியா என்று கிண்டல் செய்துகொண்டே ஊக்கு குத்திவிட்டதும் அவர்தான்.

நானே எடுத்து நானே நிற்பதில் ஒரு சங்கடம் உண்டு. நான் நிற்கப்போகும் இடத்தில் எதையாவது நிறுத்தி ஃபோகஸ் பண்ணிவிட்டு, டைமர் பட்டனை அழுத்தி, பத்து நொடிக்குள் ஓடிப்போய் அதை எடுத்துப் போட்டு நான் நிற்க வேண்டும். முன்பு அப்படி நின்றவர் உன் அப்பா. அப்புறம் இடது பக்கம் ஒதுங்கி வெள்ளை தெர்மகோல் அட்டையைப் பிடித்து என் முகத்துக்கு வெளிச்சம் காட்டுவார். அவர் நம் வீட்டைவிட்டுப் போனபிறகு வீடு துடைக்கும் மாப்பின் கம்பைத்தான் செங்கல் இடுக்கில் நட்டுவைக்கிறேன். உன் வீட்டுக்காரரைவிட இது அசையாமல் நிற்கிறதே என்று டெய்லர் அக்கா சொன்னபோது சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன். இந்த நாலு வருஷப் படங்களையும் வரிசையாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ராணியோ கூலிக்காரியோ, எந்த வேஷத்திலும் என் கண் கேமராவைப் பார்க்கவில்லை, அட்டை இருந்த பக்கமே போகிறது.

போன வாரம் உன் அப்பா போன் செய்தார். தனியாகச் சமைத்துச் சாப்பிட முடியவில்லை, திரும்பி வந்துவிடட்டுமா, உனக்கும் அட்டை பிடிக்க ஆளாச்சு என்றார். உன்னிடமும் பேசியிருக்கிறார் போல, நீயும் பாவம்மா, வரட்டுமே என்றாய். எனக்குக் கோபமில்லை. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம், அவர் என்னிடம், உன்னோடு இருந்து அலுத்துவிட்டது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனவர். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இன்று ஒரு கூத்து நடந்தது. பட்டனை அழுத்திவிட்டு ஓடியவள், பெட்டியைத் தூக்கிய அவசரத்தில் கம்பைப் பிடுங்க மறந்துவிட்டேன். அந்தக் காலத்துப் பெண்ணின் பக்கத்தில் நீல பிளாஸ்டிக் கம்பு காவல் நிற்கிறது. அழித்துவிடலாம் என்று போன விரல் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் படத்தில் நான் நேராகப் பார்க்கிறேன். வெளிச்சம் விழாமல் இடப்பக்க முகம் இருட்டாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நேராக. வெயில் ஏறும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் மனசு ஒத்து, நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. அப்பாவிடம் வாரம் தவறாமல் பேசு, உனக்கு அவர் என்றைக்கும் அப்பாதான். டெய்லர் அக்காவிடம்கூட இன்னும் வாய் திறக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை அப்பா மறுபடி போன் செய்யும்போது வர வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். உனக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். படத்தை இதோடு வைத்திருக்கிறேன், கம்பை அழிக்கவில்லை.

உன் அம்மா