அடைகாத்த பூதனின் நீர்முறை குறித்துத் தென்கரைக்கு விடுத்த ஓலை

ஏரிகள் நிரம்புக, கரைகள் நிலைபெறுக. ஏழேரி நாட்டின் அரியணை காக்கும் பெருந்தேவி நல்லிறையாள், தென்கரைப் பாசறையில் வீற்றிருக்கும் கரைத்தலைவரும் எம் இளவலுமாகிய நெடுஞ்சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. நீரும், உம் காளைகளும், உம்மோடு மண் சுமக்கும் குடிகள் யாவரும் நலமே வாழ்க.

தும்பையூர்ப் பூதன் என்பான் கரைப்பணிக்கு அழைத்தும் வாரான், ஆள் விடுத்தும் எழான், ஆதலின் அவன் வயலுக்குரிய நீர்முறையை நீக்கிப் பிறனுக்கு அளிக்க இசைவு வேண்டும் என்று நீர் எழுதியதைக் கண்டோம். இசைந்து இலச்சினை எடுத்த வேளையில் அவன் மனைவி சாத்தி, மகள் குவளையை இடுப்பில் சுமந்து அவைவாயிலில் வந்து நின்றாள். நீர்முறை போனால் வயல் தரிசு; வயல் தரிசானால் அக்குடி ஊர் நீங்கும். ஆதலின் அமர்த்திக் கேட்டோம். அவள் சொல்லை எம் சொல்லாக மாற்றினால் அதன் உயிர் போய்விடும். அவள் வாயில் வந்தவாறே எழுதச் செய்தோம்.

பாசறை அடுக்களைக்கு மனைக்கு ஒரு கோழி கொடுப்பது நம் நாட்டு முறை. வீரர் கொல்லை புகுந்து கோழியைத் துரத்திச் செடிகொடியையும் சட்டிபானையையும் மிதிக்கலாகாது, ஓடாமல் கைக்கு அகப்படுவதையே கொள்ளுக என்று விதித்தனர் நம் முன்னோர். அருளோடு செய்த விதிதான். ஆயினும் தம்பி, ஆள் அருகே வந்தும் ஓடாத கோழி எது? அடைகாக்கும் கோழி ஒன்றே ஓடாது. உம் வீரர் விதி பிழையாமல் அதையே தூக்கிச் சென்றனர்.

சென்ற கோடை நோயில் சாத்தி வீட்டுக் கோழிகள் மாண்டு, எஞ்சியது அந்தச் செம்பெட்டையும் ஒரு சேவலுமே. குவளை தன் சோற்றில் பாதியை அதற்கு இடுவாள். அதன் வயிற்றின்கீழ் கைவிட்டுப் பார்த்து, சூடு இருக்கிறதென்று தந்தைக்கு நாள்தோறும் அறிவிப்பாள். கோழி போன அன்று முட்டைகளின் சூடு தணியத் தொடங்கவே, அவற்றைத் தன் வயிற்றுக்கு அடியில் வைத்துக் குப்புறப் படுத்தாள் அச்சிறுமி. ஒன்று உடைந்தது. அதைக் கண்ட பின்னரே பூதன் தோளிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சார்த்தினான். மற்றவற்றைப் பஞ்சில் பொதிந்து வயிற்றோடு அணைத்துப் படுத்தான்.

அப்பணியை நீ செய்து அவனைக் கரைக்கு அனுப்பியிருக்கலாமே என்று சாத்தியை வினவினோம்.

“அவரு படுத்தா மரக்கட்ட, தாயே. நான் படுத்தா உரலு உருண்ட மாதிரி. முட்டைய எப்படி எங்கிட்ட நம்பிக் குடுக்குறது?” என்றாள். அருகிருந்த அமைச்சர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உம் காவலன் உள்ளே புகுந்து, “எந்திரிடா” என்று அதட்டினானாம். “கொஞ்சம் மெல்லப் பேசுங்க ஐயா, உள்ள கேக்குது” என்றானாம் பூதன். காவலன் அதை எள்ளல் என்று கொண்டு உம்மிடம் முறையிட்டான். “எள்ளல் இல்ல தாயே. பொரியப்போற முட்டை, நாம பேசுனா உள்ளேருந்து கீச்சுன்னு பதில் சொல்லும்” என்கிறாள் சாத்தி.

இப்போது பொரிந்தனவா என்றோம். “பொரிஞ்சிருச்சு. அதுல இன்னொரு வம்பு. அவர் பின்னாடியேதான் ஓடுதுங்க. மண்வெட்டிய எடுத்தா அதுமேல ஏறி நிக்குதுங்க. விட்டுட்டுப் போய்யான்னா, நீ குவளைய விட்டுட்டுப் போவியாங்குறாரு.”

அப்போது குவளை, தன் கோழி எங்கே என்று எம்மைக் கேட்டாள். அது உம் அடுக்களையில் வெந்து நாளாயிற்று. அரியணையில் இருந்துகொண்டு பொய்யுரைக்க மனம் வரவில்லை; மெய்யையே சொன்னோம். அவள் தாயின் தோளில் முகம் புதைத்தாள். பிறகு, “அப்போ அப்பாவ எடுத்துட்டுப் போகாதீங்க” என்றாள்.

தம்பி, வழக்குரைஞர் பலர் பேச இவ்வவை கேட்டிருக்கிறது. அச்சிறுமியின் சொல் கேட்டே, எடுத்த இலச்சினையைக் கீழே வைத்தோம்.

ஆதலின் ஆணை யாதெனில்: பூதனின் நீர்முறை பூதனுக்கே. அடையிலிருக்கும் கோழியை இனி எவ்வீட்டிலும் எவரும் தொடற்க. பூதன் நாளை கரைக்கு வருவான். அவனுக்கு மண் வெட்டும் பணி வேண்டா, மேட்டுச் சரிவில் புல் பதிக்கும் பணியைக் கொடும். பின்னே குஞ்சுகள் வரும். பருந்து வட்டமிட்டால் ஓட்டக் கவண்காரன் ஒருவனை நிறுத்தும். உம் ஆட்கள் அவனைக் கோழித்தாய் என்று கேலி பேசுவர்; தடுக்க வேண்டா, அவனும் சேர்ந்து சிரிப்பான் என்று சாத்தி உறுதி கூறுகிறாள். மாலையில் மட்டும் அவனை வீட்டுக்கு விடுக. குவளை வாயிலில் நிற்பாள்.

இது எம் நாரை இலச்சினை இட்ட சொல். ஏரியில் நீருள்ளளவும் நிற்பது. குஞ்சுகள் சிறகு முற்றும்வரை தென்கரையில் கூடை சுமப்போர் யாவரும் கீழே பார்த்துக் கால் வைக்கக் கடவர். நீரும்தான், தம்பி.